வழிதவறி வந்த பொருள்

பஞ்சசீலங்களுள் இரண்டாவதாகிய அதின்னாதான விரதியை நாம் நாள்தோறும் வாயால் மொழிகின்றோம். பிறரால் கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளாதிருக்கும் ஒழுக்கத்தை மேற்கொள்ளுகின்றேன் என்பது அதன் கருத்து. இதனை மொழியுங்கால் நம்மிற் பலர்க்குக் கன்னக்கோலும் நள்ளிருளும் நினைவுக்கு வருகின்றன. நமக்கும் கன்னக்கோலுக்கும் யாது தொடர்பு என்னும் நிம்மதியோடு மூன்றாம் சீலத்திற்குச் சென்றுவிடுகின்றோம். அங்ஙனம் எளிதிற் கடந்து செல்லவொட்டாத வினா ஒன்றினைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்து ஊர்களில் வாழும் அன்பர் சிலர் எமக்கு விடுத்துள்ளனர். நாங்கள் எவர் வீட்டிலும் புகவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. எவருடையதோ ஒரு தொகை எங்கள் வங்கிக் கணக்கில் தவறுதலாக வந்து சேர்ந்தால் அதனை வைத்துக்கொள்ளுதல் களவாகுமா, யாது செய்தல் முறை என்பதே அவ்வினா.

வினா எழுந்த இடத்தை முதலில் நோக்குவோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது, தென் திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழர் வேண்டி நின்ற நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி வாழ்க்கையில் விழவில்லை. இஞ்சிவிளையில் இருப்பவர் களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே செல்கின்றார். பாறசாலையில் வீடும் மார்த்தாண்டத்தில் கடையுமாக வாழ்வோர் உளர். ஒருவர்க்கே எல்லைக்கு இப்பால் ஒரு கணக்கு, அப்பால் ஒரு கணக்கு. ஒன்றில் பெயர் மலையாள வழக்கில், மற்றொன்றில் தமிழ் வழக்கில். வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று உழைக்கும் மைந்தர்கள் மாதந்தோறும் அனுப்பும் பணமும் இக்கணக்குகளுக்கே வருகின்றது. ஒரு தெருவில் ஒரே பெயருடையார் மூவர் நால்வர் இருத்தலும் உண்டு. இத்தகைய இடத்தில் ஒரு தொகை வழிதவறுதல் வியப்பன்று.

வழிதவறுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் அறிதல் நலம். மின்வழிப் பணமாற்றத்தில் கணக்கு எண் ஒன்றனையே நோக்கி வரவு வைக்கலாம் என்றும், அதற்குப் பெயரை ஒத்துப் பார்த்தல் வேண்டா என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே அனுப்புவோர் ஒருவருடைய பெயரைப் பிழையின்றி எழுதி, எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், பணம் அவ்வெண்ணுக்கு உரியவர் எவரோ அவரிடமே போய்ச் சேரும். இக்குறையை நீக்கும்பொருட்டு, பணம் அனுப்புமுன் பெறுவோர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ஆம் நாளுக்குள் அமைக்குமாறு 2024 டிசம்பரில் அவ்வங்கியே ஆணையிட்டது. வசதி வந்தபோதிலும், காட்டப்படும் பெயரைப் படிக்கும் பொறுமை நம்மவர்க்கு வந்ததோ என்பது வேறு செய்தி.

பிழை வங்கியின் பக்கத்திலும் நேர்வதுண்டு. 2022 மே மாதத்தில் சென்னைத் தியாகராய நகரில் எச்.டி.எஃப்.சி. வங்கிக் கிளையில் ஏறத்தாழ நூறு பேருடைய கணக்குகளில் ஆளுக்கு 13 கோடி ரூபாய் வரவாகத் தோன்றியது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி, சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரது கணக்கில் 9,000 கோடி ரூபாயை வரவு வைத்தது; அவர் அது மெய்தானோ என்று சோதிக்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். இவை பெருந்தொகைகள். வங்கி தன் பிழையைத் தானே கண்டு விரைந்து மீட்டுக்கொள்ளும். எமது கவலை செய்தித்தாளில் வாராத சிறு தொகைகளைப் பற்றியது. அனுப்பியவர் தாமே எண்ணைத் தவறாக இட்டுவிட்டால், பெற்றவர் இசைந்தாலன்றி வங்கி அப்பணத்தை எளிதில் எடுத்துத் தருவதில்லை. பெற்றவர் மறுத்தால் அனுப்பியவர் வழக்குமன்றம் ஏறுதல் வேண்டும். மஸ்கட்டிலோ துபாயிலோ கூலி வேலை செய்வோன் பதினையாயிரம் ரூபாய்க்காக நெய்யாற்றின்கரை மன்றத்தில் வந்து நிற்பானோ? நில்லான். ஆதலின் அவனுடைய ஒரு மாத உழைப்பு, முன்பின் அறியாத ஒருவருடைய மனத்தை மட்டுமே நம்பி நிற்கின்றது. தருமம் பேசவேண்டிய இடம் இதுவே.

இனி, கொடுத்தல் என்பது யாது? நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞம் ஒரு காலத்தில் ஆய் வேந்தர்க்கு உரிய பட்டினமாக விளங்கிற்று. அவ்வேந்தருள் ஒருவனாகிய விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசம் என்னும் புத்தர் கோயிலுக்கு நிலம் வழங்கிய செய்தியைப் பாலியம் செப்பேடுகள் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் மண்ணின் மன்னன் பௌத்தர்க்குச் செய்த தானம் அது. கொடுப்போன் இன்னான், கொள்வோர் இன்னார், பொருள் இன்னது என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். ஏன்? கொடுக்கும் மனம் இருந்ததென்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? பொருள் கை மாறுவதனால் மட்டும் ஒன்று கொடுக்கப்பட்டதாகிவிடாது. இலக்கம் பிசகி வந்த பணத்தில் கை மாறுதல் உண்டு, கொடுக்கும் மனம் இல்லை. ஆகவே அது கொடுக்கப்படாத பொருள்; அதின்னம் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் அதுவே.

அங்ஙனமாயின் அது வந்து விழுந்தவுடனே சீலம் கெட்டதோ எனின், இல்லை. காஞ்சியிலும் தங்கியவர் என்று நாம் பெருமையோடு நினைவுகூரும் உரையாசிரியர் புத்தகோசர், களவுக்கு ஐந்து உறுப்புகள் கூறுகின்றார். பொருள் பிறருடையதாக இருத்தல், பிறருடையது என்று தான் அறிதல், களவெண்ணமாகிய தேய்யசித்தம் எழுதல், அதற்கென முயலுதல், அம்முயற்சியால் பொருள் பெயர்தல் என்பன அவை. கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்த கணத்தில் முதலாவது மட்டுமே உளது. கணக்கைப் பார்த்து, இது நமக்கு வரவேண்டியதன்று என்று தெளிந்தவுடன் இரண்டாவதும் கூடுகின்றது. அதுவரையில் குற்றம் யாதுமில்லை. அறியாமற் செலவழித்தவர்க்கும் களவுக் குற்றம் இல்லை. கேடு விளைவது அதற்குப் பின் வரும் நாட்களில். பொறுத்துப் பார்ப்போம், கேட்டால் கொடுப்போம் என்கின்றார் ஒருவர். கேட்பதற்குச் சொல்வது நேர்மையான சொல்லே. ஆனால் கேட்கமாட்டான் என்னும் நம்பிக்கையன்றோ அதனுள் ஒளிந்திருக்கின்றது? பிறகு தொகையை வேறொரு கணக்கிற்கு மாற்றுகின்றார், அல்லது ஏ.டி.எம். சென்று எடுக்கின்றார். ஐந்து உறுப்புகளும் நிறைந்தன. கன்னக்கோல் தேவைப்படவில்லை.

எடுக்காமல், மாற்றாமல், வாளா இருப்பவர் நிலை யாது என்று கேட்கலாம். இதற்கு விநயபிடகத்தில் விடை உளது. ஒருவர் தம்மிடம் வைத்த அடைக்கலப் பொருளை, உரியவர் வந்து கேட்கும்போது, என்னிடம் இல்லை என்று ஒரு பிக்கு மறுத்தால், மறுத்த அளவில் ஒரு சிறு குற்றம். உரியவர் மனத்தில் கிடைக்குமோ கிடையாதோ என்னும் ஐயம் எழுந்தால் அதனினும் பெரிய குற்றம். இனி அது எனக்குக் கிடையாது என்று அவர் முயற்சியைக் கைவிடும்போது பாராஜிகம், அஃதாவது சங்கத்தினின்றே நீங்கும் குற்றம். இதனை ஊன்றி எண்ணுக. பொருள் இருந்த இடத்தினின்று அசையவில்லை. இழந்தவனுடைய நம்பிக்கை அற்றுப்போதலே களவின் நிறைவாகக் கொள்ளப்பட்டது. இல்லறத்தார்க்குப் பாராஜிகம் இல்லை. ஆயினும் அளவுகோல் நமக்கும் அதுவே. வளைகுடாவில் ஒருவன் வங்கிக்கு எழுதி, மறுபடியும் எழுதி, மூன்றாம் மாதம் இனி வாராது என்று மனைவிக்குச் சொல்லும் இரவு ஒன்று உண்டு. பாறசாலையில் நாம் ஒன்றும் செய்யாமல் உறங்கிக்கொண்டிருந்த இரவும் அதுவே.

எனக்குக் கொடுக்கப்பட்டது என்றே எண்ணினேன் என்று சாதிப்போரும் உளர். பீகாரில் ககாரியா மாவட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒருவர் கணக்கில் கிராம வங்கியின் பிழையால் 5.5 இலட்சம் ரூபாய் சேர்ந்தது. வங்கி திருப்பிக் கேட்டபோது, ஒவ்வொருவர் கணக்கிலும் 15 இலட்சம் வருமென்று தேர்தற் காலத்தில் பேசப்பட்டதன் முதல் தவணை இதுவென்று நினைத்தேன், செலவாகிவிட்டது என்றார்; சிறை சென்றார். நாட்டில் நகைத்தனர். எமக்கு நகை எழவில்லை; இதே வழக்கினைத் ததாகதர் காலத்திலேயே ஒரு பிக்கு கூறியிருக்கின்றார்.

இராசகிருகத்தில் தனியர் என்னும் பிக்கு, குயவர் குலத்து மைந்தர், புல்லாற் குடில் வேய்ந்திருந்தார். அவர் பிச்சைக்குச் செல்லும்போதெல்லாம் புல்லும் விறகும் பொறுக்குவோர் குடிலைப் பிரித்துச் சென்றனர். இவ்வாறு மும்முறை நேர்ந்தது. பிறகு மண்ணால் கட்டிச் சுட்டெடுத்த குடிலும் பகவான் ஆணையால் உடைக்கப்பட்டது. மனம் சலித்த தனியர், தமக்கு அறிமுகமான அரசாங்க மரக் காவலனிடம் சென்று, அரசர் எனக்கு மரம் கொடுத்துவிட்டார் என்றார். நகரத்தைப் பழுதுபார்க்கவும் இடர்க்காலத்திற்கும் சேமித்து வைத்த மரங்கள் அவை. காவலன் நம்பிக் கொடுத்தான். அமைச்சன் வஸ்ஸகாரன் மரக்குறைவைக் கண்டான். அரசன் பிம்பிசாரனுக்குச் செய்தி எட்டியது. காவலனைக் கட்டி இழுத்துச் சென்றனர். கட்டுண்டு போகும் அவனைத் தனியர் வழியிற் கண்டு அரண்மனைக்குச் சென்றார். நான் எப்போது கொடுத்தேன் என்றான் மன்னன். முடிசூடிய நாளில், துறவோர் புல்லும் மரமும் நீரும் எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்றார் தனியர். அது காட்டில் எவர்க்கும் உரிமையில்லாமற் கிடப்பதைக் குறித்துச் சொன்னது என்று மன்னன் கடிந்து, துறவுக் கோலத்தின்பொருட்டு விடுவித்தான். களவைப் பற்றிய பாராஜிக விதி பிறந்தது இந்நிகழ்ச்சியினின்றே.

இக்கதையில் தனியர் தப்பினார்; அரசனும் வறியனாகவில்லை. கட்டுண்டவன் காவலன். வங்கி பெரியது, அதற்கு இது ஒரு தூசு, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று நம்மிடம் பிடித்த பணம் எவ்வளவு என்று கூறுவோர், இக்காவலனை நினைத்துக்கொள்வாராக. பணம் எண்ணிக் கொடுத்ததில் மிகுதி சென்றுவிட்டால், மாலையில் கணக்கு முடிக்கும் காசாளர் தம் கையினின்று கட்டுதல் வங்கிகளில் வழக்கம். வங்கிகள் பிடிக்கும் தண்டத்தொகைகள் நேரியவை என்று யாம் வாதாட வரவில்லை. அவற்றை எதிர்த்து முறையிடுக. அவ்வழக்கு வேறு, இப்பணம் வேறு.

பூர்வ புண்ணியம் என்று கூறுவோர்க்கு விடை இன்னும் எளிது. இன்ப துன்பம் யாவும் முன்செய் வினையால் மட்டுமே வருவன என்னும் கொள்கையைப் பகவான் வெளிப்படையாக மறுத்திருக்கின்றார். அக்கொள்கையால் இப்போது செய்யத்தக்கதும் தகாததும் என்னும் வேறுபாடே அழிந்துபோகும் என்பது அவர் காட்டிய குற்றம். பணம் வந்தது எதனாலோ ஆகுக. வைத்துக்கொள்ளலாம் என்று இன்று எண்ணுவது இன்றைய வினை. அதில் ஒரு பகுதியை விகாரைக்கோ கோயிலுக்கோ அளித்துவிடுவேன் என்று கூறுவோரும் உண்டு. தனதல்லாததைத் தானம் செய்வது எவ்வாறு? அத்தகைய நன்கொடை எதனையும் ஏற்றல் நம் சங்கத்திற்குத் தகாது.

இனிச் செய்ய வேண்டுவது. இதற்கும் விநயத்தில் ஒரு நிகழ்ச்சி வழிகாட்டுகின்றது. அசிரவதி ஆற்றில் நீராட வந்த அந்தணர் ஒருவர் ஐந்நூறு பொன் கொண்ட பையைக் கரையில் மறந்து சென்றார். பாவம், இழந்துவிடுவாரே என்று ஒரு பிக்கு எடுத்து வைத்திருந்து, திரும்பி ஓடிவந்தவரிடம் கொடுத்தார். கண்டெடுத்துக் கொடுத்தவர்க்கு நூற்றுக்கு ஐந்து அளித்தல் அக்கால வழக்கம். அதைத் தவிர்க்க எண்ணிய அந்தணர், என் பையில் இருந்தது ஆயிரம் என்று வழக்கிட்டார்! நன்மை செய்யப் போய் நடுத்தெருவில் நிற்றல் இக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. இதன்பின் பிக்குகள் பிறர் மறந்த விலையுயர் பொருளைத் தொடலாகாது என்னும் விதி ஏற்பட்டது. விசாகை தன் அணிகலன்களை ஆராமத்தில் மறந்து சென்றபின் அது திருத்தப்பட்டது. தாம் வாழும் இடத்தினுள் கிடந்தால் எடுத்து வைக்க வேண்டும். அடையாளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். என்னுடையது என்று வருபவரிடம், எத்தகையது என்று கேட்டு, ஒத்தால் கொடுக்க வேண்டும். ஒவ்வாவிடில், தேடிக்கொள்க என்று சொல்லி அனுப்ப வேண்டும். அவ்விடத்தை விட்டுச் செல்ல நேர்ந்தால் தக்கவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும்.

நம் கணக்கு நாம் வாழும் இடத்தைப் போன்றது. அதனுள் வந்து கிடப்பதற்கு நாம் பொறுப்பாளர். தொகையைத் தொடாதிருந்து, தேதியையும் தொகையையும் பரிமாற்ற எண்ணையும் குறித்துக்கொண்டு, வங்கிக் கிளைக்குச் சென்று, இது எனக்குரியதன்று, வந்த வழியே திருப்புக என்று எழுத்தில் கொடுத்தல் வேண்டும். தமிழில் எழுதினும் மலையாளத்தில் எழுதினும் இரண்டு படிகள் எழுதி, ஒன்றில் வங்கி முத்திரை பெற்று வீட்டில் வைத்துக்கொள்க. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வருதல் போதாது; அசிரவதிக் கரையை மறவாதிருங்கள்.

எத்தகையது என்று கேட்டு அறிதல் இந்நாளில் இன்னும் இன்றியமையாததாகிவிட்டது. தொலைபேசியில் ஒருவர் அழுகுரலில், ஐயா, தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்கு உடனே திருப்பி அனுப்புங்கள் என்பார். சிலர் மெய்யாகவே இழந்தவர். சிலரோ பணமே அனுப்பாது பொய்யான குறுஞ்செய்தியை மட்டும் அனுப்பி, நம் பணத்தைக் கவர்வோர். வேறு சிலர், எங்கோ ஒருவரை வஞ்சித்து எடுத்த பணத்தை நம் கணக்கின் வழியாகச் செலுத்தி, தடத்தை மறைப்போர்; அப்பணத்தை அவர் சொல்லும் மூன்றாவது கணக்கிற்கு அனுப்பினால், இரக்கத்தாலே நாம் களவுக்குத் துணை போனவராவோம்; நம் கணக்கும் முடக்கப்படும். ஆதலின் இரக்கம் உள்ளவர் செய்யத்தக்கது, தங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள், நானும் என் வங்கியில் இன்றே எழுதிக் கொடுக்கின்றேன் என்று கூறுதல். மெய்யாக இழந்தவர்க்கு அச்சொல்லே ஆறுதல். வஞ்சகன் அத்தோடு அகன்றுவிடுவான். ஐயம் தோன்றினால் இணையக் குற்றங்களைத் தெரிவிக்கும் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லலாம்.

வங்கியாரிடத்தும் எமக்கு ஒரு சொல் உண்டு. தவறாக வந்த தொகையைச் சொல்ல வரும் கிராமத்தாரை, படிவம் இல்லை, நாளை வா என்று அலைக்கழித்தலும், ஏதோ களவு செய்து அகப்பட்டவரைப் போல் நோக்குதலும் தகாது. இரண்டு முறை அவ்வாறு திரும்பியவர் மூன்றாம் முறை வாரார்.

சட்டமும் இவ்வழியே நிற்கின்றது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதனைத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும் என்கின்றது. நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வோர்க்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 314-ஆம் பிரிவு ஆறு திங்களுக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரையில் சிறையும் அபராதமும் விதிக்கின்றது. நம் கேரளத்திலேயே 2022 டிசம்பரில், திருச்சூர் மாவட்டத்து இளைஞர் இருவர், வங்கியின் பிழையால் வந்த 2.44 கோடி ரூபாயைக் கடன் அடைத்தும், விலையுயர்ந்த கைப்பேசி வாங்கியும், பங்குச் சந்தையில் இட்டும் செலவழித்துக் கைதாயினர். ஆயினும் சிறைக்கு அஞ்சி மட்டும் ஒழுகுவோர்க்கு, அகப்படாத சிறு தொகையில் ஒழுக்கம் நில்லாது.

முன்னரே செலவழித்துவிட்டோமே என்போர் கலங்க வேண்டா. அறியாது செலவழித்தது களவன்று. அறிந்தபின் அது கடன். தவணையாகக் கட்ட இசைவு கேட்டு எழுதுக. ஐந்நூறாக, ஆயிரமாகக் கட்டுக. அநாதபிண்டிகர்க்குப் பகவான் இல்லறத்தாரின் நான்கு இன்பங்களை எடுத்துரைத்தார். நெற்றி வியர்வையால் ஈட்டிய பொருள் உளது என்னும் இன்பம், அதனைத் துய்க்கும் இன்பம், கடன் இல்லாமையின் இன்பம், குற்றமில்லாமையின் இன்பம் என்பன அவை. முதல் மூன்றும் கூடினும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகா என்றார். வழிதவறி வந்த பொருளால் இந்நான்கனுள் ஒன்றேனும் கிட்டுமா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக, எல்லைப்புறத்து ஊர்களில் எவரும் களவென்று கருதாத ஒன்றினைச் சொல்லவேண்டும். தந்தையார் இறந்துவிடுகின்றார், முதியோர் ஓய்வூதியம் மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கின்றது. ஏ.டி.எம். அட்டை மகனிடத்தில், இரகசிய எண்ணும் அவர்க்குத் தெரியும். ஈமக்கடன் செலவுக்கு என்று ஒரு மாதம் எடுக்கின்றார். நாற்பதாம் நாள் செலவுக்கு என்று மறுமாதம். பிறகு காரணம் தேவைப்படுவதில்லை. அதுபோன்றே 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் 6,000 ரூபாயை, வருமான வரி கட்டும் தகுதியற்ற சிலரும் பெற்று, பிறகு அரசாங்கம் திருப்பிக் கேட்டபோது சினந்தனர். அரசாங்கமே அனுப்பியது, நாங்கள் என் செய்வோம் என்பது அவர் வாதம்; தனியர் கூறியதும் அரசரே கொடுத்தார் என்பதே. இறந்தவர்க்கு ஒருவரும் கொடுக்கவில்லை. இறந்தது அறியாமல் அனுப்புகின்றார்கள். வரிசையில் தம் முறைக்குக் காத்திருக்கும் வேறொரு முதியவர் அதே பஞ்சாயத்தில் இருக்கக்கூடும். இறப்புச் சான்றிதழின் படியினைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வங்கியிலும் கொடுத்து, இறந்த நாளுக்குப் பின் வந்த தொகை இவ்வளவு என்று எழுதி, அட்டையையும் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுதல் ஒரு முற்பகல் வேலை. தந்தையார் பெயரால் புண்ணியானுமோதனம் செய்யக் கருதும் மைந்தர்கள், அம்முற்பகலை முதலில் செலவிட்டுவிட்டு விகாரைக்கு வருவார்களாக.